கற்பூரம் அணைத்த பிறகும் முடியாத வழக்கு

1

என் மகள் நிவேதா "நட்டஈடு" என்ற சொல்லை ஒரு பிழையும் இல்லாமல் சொல்கிறாள். "கவனயீனம்" என்கிறாள். "குற்ற மனம்" என்கிறாள். குரோய்டனில் பிறந்து வளர்ந்த பிள்ளை. "கத்தரிக்காய்" என்ற ஒரு சொல்லை அவள் வாயில் ஏற்ற நான் பட்ட பாடு எனக்கும் அந்தக் கத்தரிக்காய்க்கும்தான் தெரியும். இன்றைக்கும் அது அவள் நாக்கில் பாதி வழியில் நிற்கிறது. நட்டஈடு மட்டும் வழுக்கிக்கொண்டு வருகிறது.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள், "பரவாயில்லையே, லண்டன் பிள்ளை இப்படித் தமிழ் கதைக்குதே" என்று சந்தோசப்படுவீர்கள். எனக்குச் சந்தோசம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. அந்தச் சொற்களை அவளுக்குக் கொடுத்தது நான் இல்லை, மலர்.

மலர் எங்கள் கடலோர ஊரான உடப்பில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். இப்போது சிலாபத்தில் சட்டத்தரணி. ஞாயிற்றுக்கிழமைகளில் சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு இணையத்தில் வகுப்பு எடுக்கிறாள். புத்தளத்தில் இருந்து, கற்பிட்டியில் இருந்து, வண்ணாத்திவில்லில் இருந்தெல்லாம் பிள்ளைகள் சேர்கிறார்கள். குரோய்டனில் இருந்து என் மகள் சேர்கிறாள். அங்கே பின்னேரம், எங்களுக்கு மத்தியானம், நான் மீன் வெட்டுகிற நேரம்.

சென்ற ஞாயிறு அந்த வகுப்பில் நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் என் பக்க நியாயத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டுத்தானே தீர்ப்புச் சொல்வீர்கள்.

2

பள்ளிக்கூடத்தில் நான்தான் முதலாம் பிள்ளை. மலர் இரண்டாவது, சில தவணைகளில் மூன்றாவது. சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் படித்தோம். சிலாபத்தில் வகுப்பு முடிந்ததும் முன்னேஸ்வரத்துக்குப் போய்க் கும்பிடுவோம். பாஸ் பண்ண வேண்டும் என்று அவள் கும்பிடுவாள். முதலாவதாக வர வேண்டும் என்று நான் கும்பிடுவேன்.

பரீட்சைக்கு முன்னமே எனக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை லண்டன். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. அந்த நாளில் லண்டன் என்பதே பட்டம் மாதிரித்தான் காதில் விழுந்தது. மலர் பரீட்சை எழுதினாள். முதல் தடவை தோற்றாள். இந்தத் தகவலை நான் இன்றுவரை எவரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. இரண்டாம் தடவை சித்தியடைந்தாள். அதைச் சொல்லும்போது மட்டும் என் குரல் கொஞ்சம் இறங்கிவிடும்.

இங்கே எனக்கு நகரசபையில் வேலை. வாகனம் நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியவர்களுக்கு அபராதச் சீட்டுப் போகும். மழை பெய்தது, பிள்ளைக்குக் காய்ச்சல், பலகை மரத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது என்று அவர்கள் முறையீடு எழுதுவார்கள். அதற்குப் பதில் எழுதுவது நான். வந்த புதிதில், பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தில் "தாழ்மையுடன் அறியத்தருகிறேன்" என்று ஒரு கடிதத்தைத் தொடங்கினேன். மேலாளர் அந்த வரியை வெட்டிவிட்டு, "அபராதம் போடுகிற நாங்கள் எதற்குத் தாழ வேண்டும்?" என்று கேட்டாள். அன்றிலிருந்து நான் தாழ்வதில்லை.

சிலர் தொலைபேசியில் அழுவார்கள். "நான் இப்போது குற்றவாளியா?" என்று கேட்பார்கள். "இல்லை, இது குற்றவியல் இல்லை, குடியியல். கட்டிவிட்டால் கோப்பு மூடப்படும்" என்று சொல்வேன். ஒருமுறை நிவேதாவிடம், "நானும் ஒரு வகையில் சட்டத்திலதான் வேலை செய்யிறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தாள். கேலிச் சிரிப்பென்றால் திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்பாகச் சிரித்தாள், அதுதான் கூடச் சுட்டது.

3

அவளை மலரிடம் சேர்த்துவிட்டதும் நான்தான். நிவேதா பல்கலைக்கழகத்தில் சட்டம் தொடங்கிய முதல் மாதமே திணறினாள். குற்றம் என்றால் என்ன, குடியியல் தவறு என்றால் என்ன, ஒரே செயல் இரண்டாகவும் இருக்குமா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். நான் வாகனத் தரிப்பை வைத்து விளக்கப் போனேன். "அம்மா, ப்ளீஸ்" என்றாள். அப்போதுதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "என்ட சிநேகிதி ஒருத்தி இருக்கிறா, பெரிய லோயர்" என்று பெருமை பேசி இலக்கத்தைக் கொடுத்தேன்.

அன்று மலர் தொலைபேசியில் சொன்னதை நான் உடுப்பு மடித்துக்கொண்டே கேட்டேன்.

"மகள், ஒருத்தன் உன்ட கன்னத்தில அடிச்சிட்டான் எண்டு வை. நொந்தது உனக்கு. மருந்துச் செலவைத் தா, பட்ட வேதனைக்கு ஈடு தா எண்டு நீ அவனைக் கேக்கலாம். அது உனக்கும் அவனுக்கும் உள்ள கணக்கு. குடியியல். ஆனா ஆளுக்காள் கண்டபடி அடிக்கத் தொடங்கினா ஊர் ஊரா இருக்காது. அதால அரசாங்கம் வந்து, 'அவளுக்கு மட்டுமில்ல, எனக்கும் நொந்தது' எண்டு சொல்லும். அது குற்றவியல். அடி ஒண்டு, வழக்கு ரெண்டு."

"ரெண்டிலயும் ஒரே மாதிரியா நிரூபிக்க வேணும்?" என்று நிவேதா கேட்டாள்.

"இல்ல. ஒருத்தனை மறியலுக்கு, அதாவது சிறைக்கு, அனுப்பிறதெண்டா நியாயமான சந்தேகம் ஒண்டும் மிஞ்சக் கூடாது. நட்டஈட்டுக்குத் தராசு உன்ட பக்கம் கொஞ்சம் சரிஞ்சாலே போதும்."

"எங்கட புத்தகத்தில டோர்ட் எண்டு இருக்குது, அன்ரி. அங்கயும் அதுதானா?"

"இஞ்ச தீங்கியல் எண்டு சொல்லுவம். ஒல்லாந்தர் கற்பிட்டியில கோட்டையை விட்டுட்டுப் போனாங்க, கூடவே அவங்கட சட்டத்தையும் விட்டுட்டுப் போயிட்டாங்க. கோட்டையில இப்ப நேவி இருக்குது. சட்டத்தில நாங்க இருக்கிறம்."

நிவேதா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு என் சமையலறைக்கு வந்து பல காலம். என்னோடென்றால், படிப்பு எப்படி, சாப்பிட்டாயா, குளிருக்கு ஜாக்கெட் போட்டாயா என்பதோடு எங்கள் கதை முடிந்துவிடும். மலரோடு ஒரு மணித்தியாலம் போவது தெரியாது. இன்னொன்றும் கவனித்தேன். மலருக்கு "நீங்க". எனக்கு "நீ". நான் சொல்லிக் கொடுத்து வராத மரியாதை, சொல்லிக் கொடுக்காமலே அவளுக்குப் போனது. இரவில் படுக்கப் போகும்போது கணவரிடம் இதை முறையிட்டேன். "ரெண்டும் இங்கிலீசில ஒரு சொல்தானே" என்றுவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

4

சென்ற ஞாயிறு நிவேதாவின் அறையில் இணையம் சரியாக வரவில்லை. கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து சமையலறை மேசையில் வைத்தாள். நான் தொட்டியடியில் நின்று விளைமீன் வெட்டிக்கொண்டிருந்தேன். திரையில் மலர் தெரிந்தாள். நரை கூடியிருந்தது. எனக்கும் கூடத்தான், நான் சாயம் பூசுகிறேன்.

"இண்டைக்குக் கடற்கரைக்குப் போவம்" என்று தொடங்கினாள் மலர். "கரைவலை போட்டிருக்குது. வலையைக் கடல்ல வளைச்சு விட்டுட்டு, ரெண்டு பக்கமும் ஆக்கள் கரையில நிண்டு கயிறு இழுக்கிறாங்க. அந்த நேரம் ஒருத்தர் இஞ்சின் போட்டை வலைக்கு மேலால ஓட்டிட்டார். வேணுமெண்டு இல்ல. போன்ல கதைச்சுக்கொண்டு வந்தவர், பார்க்கல்ல. வலை கிழிஞ்சு மீனெல்லாம் போச்சு. இது என்ன?"

"கவனயீனம்" என்று முந்திக்கொண்டாள் நிவேதா. "பார்த்து ஓட்டுற கடமை இருந்தது. அதை மீறினார். அதால நட்டம் வந்தது. நட்டஈடு கேக்கலாம். ஆனா கெடுதல் செய்யிற எண்ணம் இல்லாததால வலையை அழிச்ச குற்றம் எண்டு சொல்லேலாது."

"நல்லம். இப்ப வலைக்காரருக்கு ஆத்திரம். போட் கரைக்கு வந்ததும் துடுப்பை எடுத்து இஞ்சினை அடிச்சு நொறுக்கிட்டார். இது?"

கற்பிட்டிப் பிள்ளை ஒருத்தி பதில் சொன்னாள். "மிஸ், அது வேணுமெண்டே செஞ்சது. எண்ணமும் இரிக்கி, செயலும் இரிக்கி. குற்றம். இஞ்சின்காரர் நட்டஈடும் கேக்கலாம். அவர் வலையைக் கிழிச்சதால நானும் அடிச்சேன் எண்டு சொல்லித் தப்ப ஏலாது."

"சரி. பொலிஸ் வழக்குப் போட்டு, வலைக்காரர் பிணையில வந்துட்டார். அதுக்குப் பிறகு ஊர்ப் பெரியாக்கள் ரெண்டு பேரையும் கோவிலுக்குக் கூப்பிட்டுக் கதைச்சாங்க. அவரவர் நட்டம் அவரவருக்கு எண்டு தீர்ந்தது. ரெண்டு பேரும் கற்பூரம் அணைச்சாங்க. இப்ப வழக்கு முடிஞ்சுதா?"

எங்கள் பக்கம் அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எரிகிற கற்பூரத்தை அம்மனுக்கு முன்னால் கையால் அணைத்துச் சொன்ன சொல்லை உடப்பில் யாரும் திரும்பப் பெறுவதில்லை. அதற்கு மேல் கதை இல்லை.

நிவேதா ஒலிவாங்கியைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தாள். அவள் யோசித்த அந்த இடைவெளி எனக்குப் போதுமாக இருந்தது. மீன் கத்தியோடு திரும்பினேன்.

"முடிஞ்சுது!" என்றேன் சத்தமாக. "கற்பூரம் அணைச்சாச்சு, ரெண்டு பக்கமும் சரியெண்டாச்சு. பிறகு பொலிசுக்கு அதில என்ன வேலை? கோப்பை மூட வேண்டியதுதான்!"

எங்கோ ஒரு பிள்ளை சிரிப்பை அடக்குவது கேட்டது. நிவேதா என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தாள்.

"ஆரு, கமலியா?" என்றாள் மலர், முகமெல்லாம் மலர்ந்து. "பிள்ளைகள், இவ என்ட சிநேகிதி. எங்கட வகுப்பில முதலாம் பிள்ளை. இப்ப சொன்னது பிழை. ஆனா நல்ல பிழை. எங்கட கடற்கரையில எல்லாரும் விடுற பிழை. கவனமாக் கேளுங்க. நட்டம் அவங்கட, அதை அவங்க விட்டுக் கொடுக்கலாம். குற்றம் அவங்கட இல்ல. அந்த வழக்கில ஒரு பக்கம் பொலிஸ், மற்றப் பக்கம் வலைக்காரர். இஞ்சின்காரர் வெறும் சாட்சி. சாட்சி மன்னிச்சா வழக்குத் தானா நிக்காது. சில சின்னக் குற்றங்களை இணங்கி முடிக்கச் சட்டம் விடுது, இதுவும் அப்படி ஒண்டுதான். ஆனா ரெண்டு பேரும் நீதவானுக்கு முன்னால போய் நிண்டு அதைச் சொல்ல வேணும். மன்று ஏற்றுப் பதிஞ்சாத்தான் முடிவு. கோவில்ல முடிச்சிட்டம்தானே எண்டு வழக்குத் தவணைக்குப் போகாம விட்டா பிடியாணை வரும்."

பிழை என்று சொன்னதற்கே எனக்குக் காது சுட்டது. முதலாம் பிள்ளை என்று சேர்த்துச் சொன்னது அதைவிடச் சுட்டது. இரக்கப்பட்டுப் போட்ட மாலையை எங்கே கழற்றி வைப்பது?

அப்போதுதான் உடப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். "மிஸ், இது எங்கட சம்மாட்டி குமார் அண்ணன்ட வழக்குத்தானே? அவர் தவணைக்குப் போகாமக் கடலுக்குப் போனவர். பிறகு பொலிஸ் வீட்டுக்கு வந்தது."

"மகள், வகுப்பில ஆக்கள்ட பேர் வேண்டாம்" என்றாள் மலர் அவசரமாக.

உடப்பில் கரைவலை வைத்திருக்கிற சம்மாட்டி குமார் ஒருவன்தான். அவன் என் தம்பி.

5

நிவேதா கணினியை மூடினாள். நான் கத்தியைக் கீழே வைத்தேன். நான் கேட்காமலே அவள் சொல்லத் தொடங்கினாள்.

பொலிஸ் பிடியாணையோடு வந்த அன்று குமார் கடலில் நின்றிருக்கிறான். மனைவி அழுதுகொண்டு செய்தி அனுப்ப, கரைக்கு வந்ததும் நிவேதாவுக்குப் போன் எடுத்திருக்கிறான். அவள்தான் சட்டம் படிக்கிறாளே. அவள் மலரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். மலர் அடுத்த நாளே நீதிமன்றத்தில் மனுப் போட்டு, அவனை நேரில் நிறுத்தி, பிடியாணையை ரத்துச் செய்வித்திருக்கிறாள். பிறகு ஒரு தவணையில் இஞ்சின்காரரும் வந்து நின்று, இணக்கத்தைச் சொல்லி, வழக்கை முடித்திருக்கிறார்கள். எல்லாம் என் வீட்டுக்குள் இருந்த ஒரு தொலைபேசியால் நடந்திருக்கிறது. நான் அடுத்த அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்திருப்பேன்.

"எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லல்ல?"

"நீ ஏசுவாய் எண்டு மாமா சொன்னார்."

"நானா ஏசுறேன்? நான் எப்ப ஏசினேன்? ஒருத்தருக்கும் ஒரு அறிவில்லை, கற்பூரத்தை அணைச்சிட்டுக் கடலுக்குப் போயிருக்கிறான் மடையன், அதை மூடி மறைக்க நீ ஒரு ஆள்!"

நிவேதா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் சத்தம் எனக்கே கேட்டது.

மலருக்கு எடுத்தேன். வணக்கம் கூடச் சொல்லவில்லை. "என்ட தம்பியும் உன்னட்ட, மகளும் உன்னட்ட. ரெண்டு பேரையும் நீயே வச்சிரு" என்றேன்.

"கமலி, குமார் என்ட கட்சிக்காரன்" என்றாள் அவள் நிதானமாக. "கட்சிக்காரன் என்னட்டச் சொன்னதை நான் வெளியில சொல்லேலாது. அக்காவா இருந்தாலும்."

"அப்ப வகுப்பில சொன்னியே? ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம், எனக்குச் சொல்லக் கூடாதா?"

எனக்குள் ஒரு சந்தோசம் எழும்பியதை மறைக்கப் போவதில்லை. இத்தனை வருசத்தில் முதல் முறையாக மலரை மடக்கிவிட்டேன். தொழில் தர்மத்தை மீறிவிட்டாள். முறையிட்டால் என்ன நடக்கும் என்று கூட மனம் ஒரு சுற்றுப் போய் வந்தது.

"அவனைக் கேட்டுட்டுத்தான் சொன்னேன்" என்றாள் மலர். "'எங்கட ஆக்கள் இன்னொருத்தன் இப்படி மாட்டக் கூடாது, பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுங்க அக்கா, பேர் மட்டும் வேண்டாம்' எண்டான். சம்மதம் தந்தவன் பிறகு முறையிட ஏலாது, அதுவும் உனக்குத் தெரியும்தானே. அந்தப் பிள்ளை பேரைச் சொல்லுமெண்டு நான் நினைக்கல்ல. அதில மட்டும் நான் இன்னும் கவனமா இருந்திருக்க வேணும்."

அவ்வளவுதான். வென்ற வழக்கும் கையை விட்டுப் போனது.

"என்னில கோவமா?" என்று கேட்டாள்.

"கோவமில்ல. பொறாமை" என்றேன். வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை. "நான் இருக்க வேண்டிய இடத்தில எல்லாம் நீ இருக்கிறாய். எனக்குப் பத்தி எரியுது."

"மனசில இருக்கிறதுக்கு வழக்கில்ல, கமலி. செயலும் வேணும்" என்றாள் மலர். அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். என் பொறாமையையும் ஒரு பாடமாக்கிவிட்டாளே என்று எனக்கு இன்னும் எரிந்தது.

6

குமாருக்கு அன்றே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஏசியிருப்பேன். திங்கட்கிழமை வேலையிடத்தில் மத்தியான இடைவேளைக்கு வெளியே வந்து, வாகனங்கள் நிற்கக் கூடாத ஓரத்தில் நின்றுகொண்டு எடுத்தேன்.

"நிவேதா சொன்னாளா அக்கா?" என்றான் எடுத்ததும்.

"ஓம்."

"ஏசுறதெண்டா ஏசுங்க."

"முழுக்கச் சொல்லு. தொடக்கத்தில இருந்து."

சொன்னான். என் நாக்கு நாலைந்து இடத்தில் துடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். வலை கிழிந்தபோது பெரிய பாரை மீன்கள் கண்ணுக்கு முன்னால் வெளியே போனதைச் சொன்னான். துடுப்பை ஓங்கியது தான்தான் என்று பிறகுதான் உறைத்ததாம். பிடியாணையோடு பொலிஸ் வந்த நேரம் மகள் பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தாளாம். இப்போதும் வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் அவள் உள்ளே ஓடுகிறாளாம். இதெல்லாம் மலரின் வகுப்பில் வரவில்லை.

"கூண்டில ஏத்தினாங்க அக்கா" என்றான். "நீதவான் சிங்களத்தில கேட்டார். எனக்குச் சிங்களம் தெரியாதா? நான் மீன் விக்கிறதே சிங்களத்திலதானே. ஆனா அந்த நேரம் ஒரு சொல்லும் வாயில வரல்ல. மலர் அக்கா எழும்பிக் கதைச்சா. கதைச்சிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தா. அதுக்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது."

அந்தப் பார்வை நான் பார்த்திருக்க வேண்டியது. கறுப்புக் கோட்டுப் போட்டோ, போடாமல் கடைசி வாங்கில் உட்கார்ந்தோ, எப்படியாவது நான் அங்கே இருந்திருக்க வேண்டும். அவன் திரும்பும்போது என் முகம் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மலரின் படிப்பிலோ பேரிலோ எனக்கு வந்த பொறாமை இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

"குமார், இனி என்ன நடந்தாலும் முதல் எனக்குச் சொல்லு" என்றேன். "மலருக்கு முதல். நிவேதாவுக்கு முதல்."

என் தம்பிக்குப் பொய் சொல்லத் தெரியாது. சின்ன வயதிலும் தெரியாது.

"அது ஏலாது அக்கா. நீங்க தூரத்தில இருக்கிறீங்க."

"நிவேதாவும் இஞ்சதானே இருக்கிறாள்! என்ட வீட்டிலதானே இருக்கிறாள்!"

அதற்கு அவனிடம் பதில் இருந்தது. நிவேதா ஏசுவதில்லை; எனக்கும் அது தெரிந்திருந்தது. அவன் சொல்லவில்லை.

"முதல்ல எண்டு சொல்ல மாட்டேன்" என்றான் கடைசியில். "ஆனா இனிக் கடைசியாச் சொல்ல மாட்டேன்."

"கடைசியா இல்லாட்டி, எத்தினையாவதா?"

"பார்ப்பம் அக்கா" என்றான்.